மஞ்சள் பூசிய பார்சல்

உதட்டில் பூசுகிற ஒரு சின்னக் குப்பி. என் சுண்டுவிரல் நீளம்கூடக் கிடையாது. அதை அனுப்பியவன் எதில் போட்டு அனுப்பினான் தெரியுமா? இரண்டு பட்டுப்புடவையைத் தாராளமாக மடித்து வைக்கலாம், அவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள் பதினொன்று. எண்ணினேன். கோபம் வந்தால் எதையாவது எண்ணுகிற பழக்கம் எனக்கு.

"ஏண்டி, இத வாங்க நம்ம ஊர்ல கடையே இல்லியா?" என்று மகளைக் கேட்டேன். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை செய்கிறவள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, "ஆஃபர்ல வந்துதும்மா, வுடேன்" என்றாள். விடுவதாம்! தினம் ஒரு பெட்டி வருகிறது. சீப்பு வாங்கினால் ஒரு பெட்டி, செல்போன் உறை வாங்கினால் ஒரு பெட்டி. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். டெலிவரிக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், பெட்டிகள் வாசலில் குவிந்துகொண்டே இருக்கின்றன.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். போன ஐப்பசி மழையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் பள்ளம் எடுத்து, அதில் கால் விட்டு உட்கார்ந்து மிதிக்கிற தறி. ஒரு நாள் மழை கொட்டியதில் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் பின்வாசல் வழியாக உள்ளே வந்து நேராகத் தறிக்குழியில் இறங்கியது. முழங்கால் தண்ணீர். பதினைந்து நாள் என் வீட்டுக்காரர் தறியில் உட்காரவில்லை. மேலே நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூல் ஈரக்காற்றில் ஊறிப்போய், தொட்டால் நூல் நூலாக அறுந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நானே அந்தச் சாக்கடையைக் குத்தினேன். என்ன வந்தது என்கிறீர்கள்? அதே காற்றுப் பைகள். கொப்புளம் கொப்புளமாக இருக்குமே அந்தப் பிளாஸ்டிக் தாள், அது கெஜக்கணக்கில். ஒரு உறையில் விலாசம்கூட அழியாமல் இருந்தது. எங்கள் வீட்டு விலாசம்.

ஊரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். நான் போனில் படம் அனுப்பி வெளியூர்க்காரர்களுக்குப் புடவை விற்கிறவள். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் நெய்வதை நானே மடித்து, நானே கட்டி, கூரியரில் போடுகிறேன். அதுவரைக்கும் பார்சல் கட்டப் புதுப்பெட்டிகளைக் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டிருந்தேன். இனிமேல் ஒரு பெட்டிகூடப் புதிதாக வாங்கக் கூடாது, தெருவுக்குள் வருகிற பெட்டியிலேயேதான் புடவை வெளியே போகவேண்டும் என்று முடிவு கட்டினேன். புடவையை மல் துணியில் சுற்றுவேன். மேலே இரண்டு செய்தித்தாள். அவ்வளவுதான். பிளாஸ்டிக் கிட்டேயே வரக்கூடாது, ஜரிகை கறுத்துவிடும்.

இதற்கும் பேச்சு வாங்கினேன். "என்ன மேடம், பழைய பெட்டியில அனுப்பியிருக்கீங்க, புடவையும் பழசா?" என்று பெங்களூரிலிருந்து ஒருத்தி கேட்டாள். "புடவைய கட்டப் போறியா, பொட்டிய கட்டப் போறியாம்மா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் வாங்கவில்லை. போகட்டும்.

பழைய பேப்பர் கடை பாய் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். "என்னாம்மா, என் பொழப்புல மண்ணப் போடுற. தெருவுல ஒரு அட்டை மிச்சம் வெக்க மாட்டேங்குற" என்பார். ஆனால் நல்ல கெட்டியான பெட்டி வந்தால் எனக்கென்று ஒதுக்கி வைப்பவரும் அவர்தான். பழைய விலாசச் சீட்டைக் கிழித்துவிட்டு அனுப்பு என்று முதலில் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நானும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒழுங்காகக் கிழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே ஒரு பெட்டியைத் தவிர.

திருச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு பெண் முகூர்த்தப் புடவை கேட்டாள். அப்பா இல்லை, அம்மா மட்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை செய்து, தன் கல்யாணத்தைத் தானே செய்துகொள்கிறவள். வீடியோ காலில் ஐந்து நாள் என் உயிரை எடுத்தாள். அரக்கு வேண்டும், ஆனால் கத்திரிப்பூ அடிக்கக்கூடாது. கரை அகலமாக வேண்டும், ஆனால் பாரமாக இருக்கக்கூடாது. "ஒரே ஒரு தடவ கட்டப்போறது இல்லக்கா, ஆயுசுக்கும் வச்சிக்கப் போறது" என்றாள். மற்றவர்களிடம் எரிந்து விழுகிற எனக்கு இவளிடம் கோபமே வரவில்லை. தறியிலிருந்து அறுத்ததும் முதலில் அவளுக்குத்தான் போனில் காட்டினேன். பார்த்துவிட்டு அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

முகூர்த்தப் புடவை என்றால் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. அம்மன் சந்நிதியில் பாதத்தில் வைத்து எடுத்து வருவோம். கட்டி முடித்த பார்சலுக்கும் மஞ்சளைக் குழைத்துத் தடவி, குங்குமம் வைத்துத்தான் வீட்டை விட்டு அனுப்புவோம். அன்றும் அப்படித்தான் செய்தேன். மகள் அச்சடித்துக் கொடுத்த புது விலாசச் சீட்டைப் பெட்டியின் தலையில் ஒட்டினேன். மங்கலப் பொருளைத் தலைமாட்டில்தானே வைக்கவேண்டும்? அந்தச் சீட்டின் இரண்டு ஓரத்திலும் ஈர மஞ்சளைத் தாராளமாகத் தீற்றி, நடுவில் கோயில் குங்குமத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். பெட்டியின் அடியில் ஒரு பழைய சீட்டு பிளாஸ்டிக்கோடு அப்பிக்கொண்டிருந்தது. கிழித்தால் அட்டையே உரிந்து வரும் போலிருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். மனுஷனுக்குப் புரியும் இல்லையா, இது வேண்டாத விலாசம் என்று? படிப்பது மனுஷன் இல்லை, மெஷின் என்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து மகள் தன் போனைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "அம்மா, காமெடி பாரேன். நான் செருப்பு ஒண்ணு ரிட்டர்ன் போடலாம்னு சீட்டு ஒட்டி வெச்சேன் இல்ல? எடுத்துக்கினு போற ஆளு வரவே இல்லன்னு நானே போட்டுக்கினேனே, அந்த செருப்பு வந்து சேந்துடுச்சாம். காச திருப்பி அனுப்பறாங்களாம்." அவள் காலைப் பார்த்தேன். செருப்பு அங்கேதான் இருந்தது.

அப்படியானால் போய்ச் சேர்ந்தது எது?

அவள் சீட்டு ஒட்டி வைத்த அந்தச் செருப்புப் பெட்டியில்தான் நான் முகூர்த்தப் புடவையைக் கட்டியிருந்தேன். இரண்டுக்கும் ஒரே கூரியர்தான். என் மஞ்சளும் குங்குமமும் புதுச் சீட்டில் மெஷின் படிக்கிற கறுப்புக் கோடுகளை மூடிவிட்டன. மெஷினில் காட்டியவன் படிக்கவில்லை என்றதும் பெட்டியைப் புரட்டியிருக்கிறான், அடியில் இருந்ததைக் காட்டியிருக்கிறான். நான் போட்ட பேனாக் கோட்டை அந்த மெஷின் மதித்தால்தானே! அம்மன் பாதத்தில் வைத்து எடுத்த முகூர்த்தப் புடவை, திரும்பி வந்த செருப்பு என்று பேர் வாங்கிக்கொண்டு கிடங்குக்குப் போய்விட்டது. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. செருப்பு விற்ற அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறான். அழுத்திய அழுத்தில் என் விரல்தான் வலித்தது. கடைசியில் பேசிய ஆள், ஏழு வேலை நாளில் பதில் வரும் என்றான். "கல்யாணம் முடிஞ்சி கொழந்த பொறந்தப்புறம் சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

பாயிடம் ஓடினேன். அவருக்குத் தெரியாத கிடங்கு இல்லை. திரும்பி வருகிற சரக்கெல்லாம் வாலாஜாபாத் தாண்டி ஒரு கிடங்குக்குத்தான் போகிறது, அங்கே கழிகிற அட்டையை அவர்தான் எடுக்கிறார். "வண்டில ஏறும்மா. ஆனா அங்க வந்து கத்தக்கூடாது" என்றார். சரி என்றேன். வாசலிலேயே கத்தினேன். காவல்காரர் என்னை உள்ளே விட மாட்டேன் என்றார், நான் வெளியே நிற்க மாட்டேன் என்றேன். பாய்தான் நடுவில் புகுந்து, "வுடுங்க சார், கல்யாண காரியம்" என்று கெஞ்சி உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் நாற்பது ஐம்பது பெண்கள் நின்றுகொண்டு, திரும்பி வந்த பெட்டிகளைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார்கள். பொருள் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம். பிரிக்காமலே திரும்பி வந்த புதுப்பொருளின் பெட்டியையும் கீறினார்கள். இன்னொரு பக்கம் அதே பொருளை வேறு புதுப்பெட்டியில், புதுப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டிக்கு என்னம்மா குறை என்று ஒருத்தியைக் கேட்டேன். "மேல சீட்டு ஒட்டியிருக்குது இல்ல, அது ஆவாதாம்" என்றாள். அடப்பாவிகளா! நான் தெருத்தெருவாகப் பெட்டி பொறுக்கிச் சேர்த்ததெல்லாம் இங்கே ஒரு நிமிஷத்துக்குக் காணாது.

மேற்பார்வை பார்க்கிறவர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "உங்க ஐட்டம் ஸ்லிப்பர்னு இருக்குது மேடம். இந்த வெல செருப்ப நாங்க பிரிச்சிக்கூட பாக்கறதில்ல. அப்படியே மூட்டையில போட்டு ஏலத்துக்கு அனுப்பிடுவோம்" என்றார். கையைக் காட்டினார். ஒரு மூலையில் செருப்பு மலை. அதைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. என் கையால் கட்டிய முகூர்த்தப் புடவை அதற்குள்ளா? தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ, செருப்புக் குப்பையிலயா கெடக்குது என் பொடவ!" என்று அங்கேயே அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

அப்போதுதான் கத்தி பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். தென்னேரியிலிருந்து வேன் ஏறி வேலைக்கு வருகிறவளாம். "மஞ்சா குங்குமம் வெச்ச பொட்டியாம்மா?" என்று கேட்டாள். "நேத்து வந்துது. செருப்புன்னாங்க. குங்குமம் இருக்குது, எப்பிடி தூக்கி அதுல போடறது? மனசு வர்ல. சாமி படத்துக்குக் கீழ வெச்சிருக்கேன்." கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் அவர்கள் காலண்டர் சாமிக்குப் பூ வைக்கிற ஒரு பலகை இருந்தது. அதன் மேல் என் பெட்டி. அந்த அம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தால், அந்த மேற்பார்வைக்காரர் விடவில்லை. திரும்பி வந்த சரக்கு கம்பெனி சொத்தாம். பிரித்துப் பாரும் என்றேன். பிரித்தார். மல் துணியை விலக்கியதும் அரக்கு பளிச்சென்று தெரிந்தது, அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பவும், "தப்பான பொருள் வந்திருக்குன்னு போட்டு, கூரியர்ல உங்க வீட்டுக்கே அனுப்பிடறோம், ஏழு நாள்ல வந்துடும்" என்றார். "நான் இங்க கல்லாட்டம் நின்னுக்கினு இருக்கேன், என் வூட்டுக்கு அனுப்புவியா?" என்று அந்த ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகளுக்குப் போன் போட்டு, அவள் செருப்புக் காசை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, அவர் யார் யாரையோ கேட்டு, சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் சரி என்றார்கள்.

அதற்கப்புறமும் வெறும் பெட்டியாகத் தரமாட்டார்களாம். வெளியே போகிற சரக்கு பேக்கிங்கோடுதான் போகவேண்டுமாம். என் கண் முன்னாலேயே என் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கொப்புளத் தாளைச் சுற்றி, பெரிய பெட்டியில் வைத்து, காற்றுப் பைகளைத் திணித்து, டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பாயின் வண்டியில் வைத்து அத்தனையையும் பிய்த்தேன். அட்டையைப் பாய் வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக்கைச் சுருட்டிக் காவல்காரர் மேஜையில் வைத்தேன். "இது உங்க வூட்டு குப்பை, எங்க தெருவுக்கு வேணாம்" என்றேன்.

இனி எந்தக் கூரியரையும் நம்புவதாக இல்லை. மறுநாள் காலையில் நானே பஸ் ஏறினேன். கிளம்பும்போது வீட்டுக்காரர், "செருப்புல கெடந்த கதைய அங்க போயி சொல்லிக்கினு இருக்காத. அபசகுனம்னு கட்ட மாட்டாங்க" என்றார். மகளும் அதையேதான் சொன்னாள். எனக்கு அது ஒப்பவில்லை. புடவையில் ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் விற்பேன். பஸ் முழுக்க மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, சொல்வதா வேண்டாமா என்று என்னோடு நானே சண்டை போட்டுக்கொண்டு போனேன்.

ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு ஓட்டு வீடு. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் பார்த்த முகம்தான், நேரில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். "அக்கா, நீங்களே வந்துட்டீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பந்தல்காரர்களில் ஒருவரைக் கடைக்கு ஓடச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும், இன்னொரு பாட்டிலில் கலரும் வந்தன. மூடி பிரிக்காமல் என் முன்னால் வைத்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னாத்துக்குமா இந்த பிளாஸ்டிக் கருமம்? வூட்ல பானத் தண்ணி இல்லியா?" என்றேன். அவர் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை. நான் என் அவசரத்தில் இருந்தேன்.

புடவையை எடுத்து அவள் கையில் கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். பழைய சீட்டைக் கிழிக்காமல் விட்டது, செருப்பு என்று பேர் போட்டுப் போனது, கிடங்கில் செருப்பு மலையைப் பார்த்து எனக்குக் குமட்டியது, எல்லாம். "தப்பு என்னுதுதான் கண்ணு. செருப்பு கெடக்கற எடத்துக்குப் போயிட்டு வந்துடுச்சு உன் முகூர்த்தப் பொடவ. உனக்கு மனசு ஒப்பலன்னா வேற பொடவ மூணு எடுத்துக்கினு வந்திருக்கேன், எது வேணுமோ கட்டிக்கோ. பாவம் என்னோட போவட்டும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படவில்லை.

"எங்கப்பா செருப்புத்தான் தச்சாருக்கா" என்றாள். "பஸ் ஸ்டாண்டு வாசல்ல, இருபத்தஞ்சு வருஷம். நான் படிச்சது, டீச்சரானது எல்லாம் அதுலதான். செருப்புக்குப் பக்கத்துல இருந்துச்சுன்னு என் புடவைய நான் வேண்டாம்னு சொல்லுவேனா?"

இவ்வளவு நேரமாக நான் என்னென்ன பேசினேன்? குமட்டியது என்றேன், பாவம் என்றேன், அதுவும் இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு. ஊரையெல்லாம் திட்டித் தீர்த்த எனக்கு என் மேல் வந்த ஆத்திரம் இருக்கிறதே, அப்படி ஒரு ஆத்திரம் அதற்கு முன்னால் யார் மேலேயும் வந்ததில்லை. முன்னால் இருந்த பாட்டில்களைப் பார்த்தேன். வெளியூரிலிருந்து வந்தவள் தன் வீட்டுத் தண்ணீரைத் தொடுவாளோ மாட்டாளோ என்றுதான் அந்த அம்மாள் மூடி பிரிக்காததாக வாங்கி வைத்திருக்கிறார். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்துப் பழகியதோ அந்தப் பழக்கம்.

புடவையை அவள் கையில் கொடுத்தேன். பாட்டில் இரண்டையும் எடுத்து, பந்தல் போடுகிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் அம்மா இன்னும் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு காபி வேணும்மா" என்றேன். "உங்க டம்ளர்ல குடுங்க."